கௌபாய் காமிக்ஸ் சேகரிப்பு: பழைய இதழிலிருந்து மூல ஓவியம் வரை

டெக்ஸ் வில்லர், கேப்டன் டைகர், லக்கி லூக் மூவரையும் சிவகாசியின் லயன், முத்து காமிக்ஸ் புண்ணியத்தில் தமிழிலேயே படித்து வளர்ந்தவர்களுக்குக் கௌபாய் காமிக்ஸ் புதிதல்ல. ஆனால் மூவருமே ஐரோப்பாவில் பிறந்தவர்கள்: டெக்ஸ் இத்தாலியில், லக்கி லூக் பெல்ஜியத்தில், நம் டைகரான ப்ளூபெரி பிரான்ஸில். அந்தப் பாலைவனமும் குதிரையும் துப்பாக்கியும் எந்த மண்ணுக்குச் சொந்தமோ, அந்த அமெரிக்காவில் வந்த கௌபாய் இதழ்களை நம்மில் பலர் பார்த்ததே இல்லை. பழைய இதழ்களைச் சேகரிக்க நினைப்பவருக்கு நான் முதலில் காட்டுவது அவற்றைத்தான்.

காரணம் விலை. அந்தக் காலத்து சூப்பர்ஹீரோ இதழ்களில் பெயர் பெற்றவை சாதாரணமானவர்கள் நெருங்க முடியாத விலைக்குப் போய்விட்டன. அதே ஆண்டு, அதே கம்பெனி, சில சமயம் அதே ஓவியர் வரைந்த கௌபாய் இதழோ, கொஞ்சம் கசங்கிய நிலையில், குடும்பத்தோடு ஹோட்டலில் சாப்பிடும் செலவுக்குள் கிடைத்துவிடுகிறது. திரையில் ராய் ராஜர்ஸைப் பார்த்துக் கைதட்டிய தலைமுறைக்கு வயதாகிவிட்டது. அடுத்த தலைமுறை அந்தப் பெயர்களைத் தேடுவதில்லை. அதனால் நாயகனைப் பார்த்து வாங்காதீர்கள், வரைந்த கையைப் பார்த்து வாங்குங்கள். இனிச் சொல்லப்போவது எல்லாம் இதை ஒட்டித்தான்.

முதல் படி: காலமும் கம்பெனியும்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சூப்பர்ஹீரோக்களின் மவுசு இறங்கியது. அந்த இடத்தைக் குதிரைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1948-ஐ மட்டும் பாருங்கள். ஜனவரியில் டெல் கம்பெனியின் லோன் ரேஞ்சருக்கும் ராய் ராஜர்ஸுக்கும் தனித்தனி இதழ். மார்ச்சில் பின்னாளில் மார்வெல் ஆன கம்பெனியின் டூ-கன் கிட், ஆகஸ்டில் கிட் கோல்ட். சூப்பர்மேனை வெளியிட்ட டி.சி. கம்பெனியும் அதே ஆண்டு களத்தில் இறங்கியது. இத்தாலியில் டெக்ஸ் பிறந்ததும் அதே 1948 செப்டம்பர் 30 அன்றுதான்.

டெல் இதழ்கள் சினிமா நடிகர்களின் வண்ணப் புகைப்பட அட்டைகளுக்கும் தூரிகையில் தீட்டிய அட்டைகளுக்கும் பெயர் போனவை. எக்கச்சக்கமாக அச்சானவை என்பதால் இன்றும் எளிதில் கிடைக்கும். ஃபாசெட் கம்பெனி ஹோப்பலாங் காசிடி, டாம் மிக்ஸ், சாட்டைக்காரர் லாஷ் லாரூ என்று நடிகர்களை நம்பி ஓட்டி, 1953-இல் காமிக்ஸ் கடையையே மூடியது. மேகசின் எண்டர்பிரைசஸ் என்ற சிறிய கம்பெனி, வெள்ளை உடையில் பேய் போல வந்து ரவுடிகளைக் கதிகலங்க வைக்கும் கோஸ்ட் ரைடரை வெளியிட்டது. மார்வெலின் பைக் ஓட்டும் கோஸ்ட் ரைடர் பிறகு வந்தவர்.

1954-இல் அமெரிக்க செனட் விசாரணையும் அதைத் தொடர்ந்து காமிக்ஸ் கோட் என்ற தணிக்கை முறையும் வந்தன. அதன் பின் அட்டையின் மேல் மூலையில் சிறிய முத்திரை ஒன்று ஒட்டிக்கொண்டது. கதைகளில் ரத்தமும் பயங்கரமும் குறைந்தன. தன் இதழ்கள் ஏற்கெனவே யோக்கியமானவை என்று சொல்லி டெல் கடைசி வரை அதில் சேரவில்லை. மூல ஓவியம் பற்றிப் பேசும்போது இது உதவும்.

இரண்டாம் படி: ஓவியரைத் தேர்ந்தெடுங்கள்

அந்தக் காலத்து இதழ்கள் பலவற்றில், முக்கியமாக டெல் இதழ்களில், வரைந்தவர் பெயரே இருக்காது. சேகரிப்பவருக்கு இது வசதிதான். பெயர் இல்லாததால் விற்பவருக்கும் பல சமயம் தெரியாது.

ராய் ராஜர்ஸ் இதழ்களையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 145 இதழ்கள் வந்தன. 1950களின் நடுவில் வந்த சிலவற்றை வரைந்தவர் ஜான் புஸ்செமா, பின்னாளில் மார்வெலில் அவெஞ்சர்ஸையும் கோனனையும் வரைந்து பெயரெடுத்த அதே புஸ்செமா. அவருடைய குதிரைகளைப் பாருங்கள்: கழுத்துத் தசை, மண்ணில் ஊன்றும் குளம்பு, சவாரிக்காரனின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது வரை எல்லாம் தெரியும். புஸ்செமா என்று தேடினால் கோனன் இதழ்கள் வரும். ராய் ராஜர்ஸ் இதழ்கள் வேறு மூலையில், வேறு விலையில் கிடக்கும்.

டெல்லுக்காக ஸோரோ கதைகளை வரைந்த அலெக்ஸ் டோத் இன்னொரு ரகம். கோடுகள் குறைவு, கறுப்பு அதிகம். ஒரு சுவர், ஒரு நிழல், ஒரு தொப்பியின் விளிம்பு போதும், கட்டம் நிறைந்துவிடும். டி.சி.யில் அவர் வரைந்த ஜானி தண்டர் கதைகளையும் தேடிப் பாருங்கள்.

ஏவன் கம்பெனியின் கௌபாய் இதழ்களை வரைந்த எவரெட் ரேமண்ட் கின்ஸ்ட்லரின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. மட்டமான காகிதத்தில் கொள்ளைக்காரர்களை மையால் வரைந்தவர் பிறகு உருவப்பட ஓவியராகி, ஜெரால்ட் ஃபோர்டு, ரொனால்ட் ரீகன் இருவரின் அதிகாரபூர்வ வெள்ளை மாளிகை ஓவியங்களையும் தீட்டினார். ஜனாதிபதியை வரைந்த கை வரைந்த ஜெஸ்ஸி ஜேம்ஸ் நம் வீட்டு அலமாரியில் இருக்க முடியும் என்றால் விடுவானேன்?

மார்வெல் பக்கம் வந்தால் ராஹைட் கிட் இதழின் 17-ஆம் எண்ணிலிருந்து ஆரம்பியுங்கள். நின்றுபோயிருந்த இதழை 1960 ஆகஸ்டில் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் புதிய நாயகனோடு உயிர்ப்பித்தார்கள். கிர்பியின் பென்சிலுக்கு மை போட்டவர் டிக் அயர்ஸ். அடுத்த ஆண்டுதான் இதே லீ-கிர்பி ஜோடி ஃபென்டாஸ்டிக் ஃபோரை ஆரம்பித்தது. ஒரு சலூன் சண்டையில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பறப்பதைக் கிர்பி எப்படி ஒரு கட்டத்துக்குள் அடக்குகிறார் என்று பார்த்தால், பின்னால் வந்த சூப்பர்ஹீரோ சண்டைகளுக்கு ஒத்திகை எங்கே நடந்தது என்பது புரிந்துவிடும். கிர்பி 32-ஆம் இதழ் வரை இருந்தார். 33 முதல் 35 வரை ஜாக் டேவிஸ். அந்த மூன்று இதழ்களும் தனி அழகு. பிறகு நெடுங்காலம் ஸ்டான் லீயின் தம்பி லாரி லீபர்.

1970களுக்கு ஜோனா ஹெக்ஸ். ஆல்-ஸ்டார் வெஸ்டர்ன் 10-ஆம் இதழில், 1972-இல், எழுத்தாளர் ஜான் அல்பானோவும் ஓவியர் டோனி டிஸூனிகாவும் உருவாக்கிய, பாதி முகம் வெந்த கூலித் துப்பாக்கிக்காரன். டிஸூனிகா அமெரிக்க காமிக்ஸில் முதலில் கால்வைத்த பிலிப்பைன்ஸ் ஓவியர்களில் ஒருவர். இந்த இதழ் மட்டும் மலிவல்ல. சினிமாவும் தொலைக்காட்சியும் விலையை ஏற்றிவிட்டன. அதற்கு அடுத்து வந்தவற்றில் ஆரம்பிக்கலாம்.

யார் எதை வரைந்தார்கள் என்று பார்க்க கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் என்ற இலவச இணையத் தளம் இருக்கிறது. உலகெங்கும் உள்ள ரசிகர்கள் இதழ் இதழாக, கதை கதையாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். ஓவியர் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருந்தால் அது ஊகம் என்று பொருள்.

மூன்றாம் படி: வாங்குமுன் படித்துவிடுங்கள்

அமெரிக்கச் சட்டப்படி அந்தக் காலத்து வெளியீடுகளுக்கு 28 ஆண்டுகள் கழித்துக் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஃபாசெட், ஏவன், மேகசின் எண்டர்பிரைசஸ் போன்றவர்களின் பல இதழ்கள் புதுப்பிக்கப்படாமல் பொதுவுடைமை ஆகிவிட்டன. டிஜிட்டல் காமிக் மியூசியம், காமிக் புக் ப்ளஸ் ஆகிய தளங்களில் அவற்றை ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். சில மாதம் படியுங்கள். எந்த ஓவியர் உங்களை அடுத்த பக்கத்துக்குப் போகவிடாமல் நிறுத்துகிறாரோ, அவரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கையில் இருப்பது எந்தப் பதிப்பு?

அட்டையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. உள்ளே முதல் பக்கத்தின் அடியிலோ அட்டையின் உட்புறத்திலோ பொடி எழுத்தில் வெளியீட்டு விவரம் இருக்கும். இதழ் எண், மாதம், ஆண்டு, கம்பெனி எல்லாம் அங்கேதான். அச்சிட்ட மாதம் கடைக்கு வந்த மாதத்தைவிட இரண்டு மூன்று மாதம் முன்தள்ளி இருப்பது அந்தக் கால வழக்கம்.

அட்டை விலையும் வயதைச் சொல்லும். 1961 வரை பெரும்பாலும் 10 சென்ட், பிறகு 12, 1969-இல் 15, அப்படியே ஏறிக்கொண்டு போகும். சென்ட்டுக்குப் பதில் பென்ஸ் விலை போட்ட மார்வெல் இதழைக் கண்டால் போலி என்று ஒதுக்காதீர்கள். 1960 முதல் பிரிட்டனுக்கென்று அதே அமெரிக்க அச்சகத்திலேயே விலையை மட்டும் மாற்றி அச்சிட்டார்கள். ஆனால் 1950களில் லண்டனின் எல். மில்லர் கம்பெனி வெளியிட்ட ஃபாசெட் கௌபாய் இதழ்கள் அங்கேயே அச்சிட்ட மறுபதிப்புகள். உள்ளே கறுப்பு வெள்ளை. அமெரிக்க காமிக்ஸ் இறக்குமதிக்குப் பிரிட்டனில் 1959 வரை கட்டுப்பாடு இருந்ததன் விளைவு அது. மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், அமெரிக்க இதழ் என்று நினைத்து வாங்கக் கூடாது.

மறுபதிப்பு விஷயத்தில் இன்னும் இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஐ.டபிள்யூ., சூப்பர் என்ற பெயர்களில் வந்த இதழ்கள் மூடிப்போன கம்பெனிகளின் பழைய கதைகளைப் புது அட்டை போட்டு விற்றவை. மார்வெலின் 1970களின் கௌபாய் இதழ்களும் பெரும்பாலும் உள்ளே பழைய கதை, வெளியே புது அட்டை. கிட் கோல்ட் 1979 வரை ஓடியது இந்த தெம்பில்தான்.

ஒரு விதிவிலக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். 1976-இல் 25 சென்ட் விலை ஏறுவதற்கு முன், சில ஊர்களில் மட்டும் 30 சென்ட் போட்டு மார்வெல் சோதித்துப் பார்த்தது. 1977-இல் 35 சென்ட்டுக்கும் அப்படியே. அந்தச் சோதனைப் பிரதிகள் குறைவு என்பதால், உள்ளே வெறும் மறுபதிப்பாக இருக்கும் கௌபாய் இதழுக்குக்கூட இன்று நல்ல விலை. 10 ரூபாய் பெறாத கதை, அட்டை மூலையில் ஒரு எண்ணால் தலைகீழாகிறது. சேகரிப்பு உலகத்தின் கிறுக்குத்தனம் இதில் தெரியும்.

ஐந்தாம் படி: நிலையை எடைபோடுவது

0.5-இல் தொடங்கி 10 வரை மதிப்பெண். 9.4 என்றால் கடையிலிருந்து நேராக வந்தது போல. 6.0 என்றால் படிக்கப்பட்டது, ஆனால் அழகாக இருக்கிறது. 2.0 என்றால் மடிப்பு, கிழிசல், அழுக்கு எல்லாம் உண்டு, பக்கங்கள் மட்டும் முழுசாக இருக்கும். ஓவியத்துக்காக வாங்குபவருக்கு 3-க்கும் 5-க்கும் இடைப்பட்டது போதும். 9-க்கு மேல் போனால் காகிதத்துக்குத்தான் காசு, ஓவியத்துக்கு அல்ல.

டெல் இதழ்களில் அடிக்கடி வரும் ஒரு குறை, மேலிருந்து கீழாக நடுவில் ஓடும் மடிப்பு. சந்தாதாரருக்குத் தபாலில் அனுப்பும்போது நீளவாக்கில் மடித்து அனுப்பியதால் வந்தது. அட்டையின் மேல்பகுதி வெட்டப்பட்ட பிரதிகளும் வரும். விற்காத இதழ்களின் தலைப்புப் பட்டையை மட்டும் கடைக்காரர்கள் கிழித்துத் திருப்பி அனுப்பிக் காசு வாங்கிக்கொள்வார்கள். மீதியைக் கள்ளத்தனமாக விற்றுவிடுவார்கள்.

பக்கங்களை எண்ணுங்கள். விளம்பரக் கூப்பன் வெட்டப்பட்டிருக்கிறதா, நடுப்பக்கத் தாள் ஸ்டேபிள் பின்னில் தொங்குகிறதா என்று பாருங்கள். பின்னின் துரு காகிதத்தில் இறங்கியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். மிகவும் கவனிக்க வேண்டியது மறைத்துச் செய்த சீரமைப்பு: கறுப்பு அட்டையின் வெளுத்த ஓரத்தில் மார்க்கர் தீட்டியது, ஓரத்தைச் சீவியது, கிழிசலைப் பசை போட்டு மூடியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மார்க்கர் வேறு விதமாக மினுங்கும். ஓரம் சீவிய இதழ் அளவில் இடிக்கும்.

ஃப்ளோரிடாவைச் சேர்ந்த சி.ஜி.சி. 2000 முதல் இதழ்களை ஆராய்ந்து, மதிப்பெண் போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகிறது. நீல நிறச் சீட்டு சாதாரணம். ஊதா என்றால் சீரமைக்கப்பட்டது. விலை உயர்ந்த இதழுக்கு இது பாதுகாப்புதான். 15 டாலர் கௌபாய் இதழை அடைத்து வைத்தால் உள்ளே இருக்கும் டோத்தை எப்படிப் பார்ப்பது?

ஆறாம் படி: வாங்குவதும் வரவழைப்பதும்

ஈபே போதும். பெரிய ஏலங்களுக்கு டாலஸின் ஹெரிடேஜ் ஆக்ஷன்ஸ். அங்கே வாங்காவிட்டாலும் கணக்கு ஒன்று தொடங்குங்கள். முடிந்த ஏலங்களின் விலையும் பெரிய படங்களும் காலத்துக்கும் அங்கே இருக்கும். கேட்கும் விலையைப் பார்த்து மிரளாமல், விற்ற விலையை மட்டும் பாருங்கள். ஏல விலைக்கு மேல் சுமார் 20 சதவீதம் வாங்குபவர் கட்டணம் சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அமெரிக்காவிலிருந்து ஒரு இதழை வரவழைத்தால் தபால் செலவு இதழின் விலையைத் தாண்டிவிடும். ஒரே விற்பனையாளரிடம் எட்டு பத்து இதழ் சேரும் வரை பொறுங்கள். இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டச் சொல்லுங்கள். சுங்கத்துக்காக விலையைக் குறைத்து எழுதட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பார்சல் தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான்.

ஏழாம் படி: நம் ஊர்க் காற்றில் காப்பது

1977-இல் அமெரிக்காவின் கொலராடோவில் எட்கர் சர்ச் என்பவரின் வீட்டில் ஆயிரக்கணக்கான காமிக்ஸ் வெளியே வந்தது. சேகரிப்பாளர்கள் இன்றும் மைல் ஹை கலெக்‌ஷன் என்று பயபக்தியோடு சொல்லும் குவியல் அது. அலமாரியில் அடுக்கடுக்காக இறுகக் கிடந்த இதழ்கள் முந்தைய நாள் அச்சானது போல இருந்தன. வறண்ட, குளிர்ந்த, இருட்டான இடம். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இருப்பவருக்கு இந்த மூன்றில் இருட்டு மட்டும்தான் இலவசம்.

அந்தக் காகிதம் நியூஸ்பிரிண்ட். அதில் உள்ள அமிலமே அதைப் பழுப்பாக்கி நொறுக்குகிறது. வெப்பமும் ஈரமும் வேகத்தைக் கூட்டுகின்றன. பி.வி.சி. உறைகளை அறவே தவிருங்கள். பாலிப்ரொப்பிலீன் உறை போட்டால் சில ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள். நல்ல இதழ்களுக்கு மைலர் எனப்படும் பாலியெஸ்டர் உறையும் அமிலமற்ற அட்டையும் வாங்கிவிடுங்கள். 1950களின் இதழ் இன்றையதைவிட அகலம் என்பதால் கோல்டன் ஏஜ் அளவு என்று கேட்க வேண்டும். பரண் வேண்டாம், மழை வாங்கும் வெளிச்சுவர் ஓரமும் வேண்டாம். இரும்பு பீரோவின் நடுத்தட்டில், பெட்டிக்குள் நிமிர்த்தி, சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். அந்தப் பையை அவ்வப்போது காயவைக்க வேண்டும். பத்து ரூபாய் சமாசாரமான நாப்தலீன் உருண்டையை இதழ்களோடு போடாதீர்கள், அந்த ஆவி காகிதத்துக்கும் உறைக்கும் ஆகாது. எந்தக் கிழிசலுக்கும் செலோடேப் ஒட்டாதீர்கள்.

எட்டாம் படி: மூல ஓவியம்

இதழ் எத்தனை பிரதி வேண்டுமானாலும் இருக்கலாம், ஓவியர் கைபட்ட பக்கம் ஒன்றே ஒன்றுதான். கெட்டியான பிரிஸ்டல் அட்டையில் பென்சிலால் வரைந்து, மை போட்டு, தப்பை வெள்ளையால் மறைத்த கறுப்பு வெள்ளைப் பக்கம். ஓரங்களில் இளநீலப் பென்சில் குறிப்புகள் இருக்கும். அச்சகக் கேமராவுக்கு அந்த நீலம் தெரியாது.

1950களின் பக்கங்கள் அரிது. அச்சு முடிந்ததும் கம்பெனிகள் அவற்றைக் குப்பையாகத்தான் நினைத்தன. கிழித்துப் போட்டார்கள், யாருக்காவது தூக்கிக் கொடுத்தார்கள். ஓவியர்களுக்குப் பக்கங்களைத் திருப்பித் தரும் வழக்கம் மார்வெலிலும் டி.சி.யிலும் 1970களின் நடுவில்தான் வந்தது. கிர்பியே பல ஆண்டு போராடி 1987-இல் பெற்றது, அவர் வரைந்து குவித்ததில் ஒரு பகுதியான சுமார் 2,000 பக்கங்கள்தான். ஆகவே புதியவர் 1970களின் பக்கங்களில் ஆரம்பிப்பது நல்லது. அட்டைக்கு அதிக விலை, அடுத்து கதையின் முதல் பெரிய படப் பக்கம், அப்புறம் நாயகன் முகம் தெரியும் சண்டைப் பக்கம். இருவர் உட்கார்ந்து பேசும் பக்கம் கடைசி. நல்ல ஓவியரின் பேச்சுப் பக்கம் என்றால் நான் தயங்கவே மாட்டேன்.

இன்னொரு வாசல் செய்தித்தாள் தொடர்கள். ஃப்ரெட் ஹார்மனின் ரெட் ரைடர், ஸ்டான் லிண்டின் ரிக் ஓஷே போன்றவற்றின் தினசரிப் பட்டைகள் மூல ஓவியங்களாகவே சந்தைக்கு வருகின்றன. கட்டங்களுக்கு நடுவே, தொடரைச் செய்தித்தாள்களுக்கு விற்கும் சிண்டிகேட்டின் காப்புரிமைச் சீட்டும் தேதியும் இருப்பதால் வெளியான செய்தித்தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

போலியைக் கண்டுபிடிக்க முதலில் அளவுகோலை எடுங்கள். ஏறத்தாழ 1967 வரை ஓவியர்கள் அச்சு அளவைப் போல இருமடங்கில், சுமார் 12-க்கு 18 அங்குலத்தில் வரைந்தார்கள். அதன் பிறகு 10-க்கு 15 ஆகச் சுருங்கியது. 1961-இன் ராஹைட் கிட் பக்கம் என்று ஒருவர் 10-க்கு 15-இல் நீட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். டெல் பக்கம் என்று சொல்லப்படுவதில் காமிக்ஸ் கோட் முத்திரை இருந்தாலும் அப்படியே. அடுத்து, அச்சான பக்கத்தோடு கோடு கோடாக ஒப்பிடுங்கள். அச்சில் வராத விஷயங்கள் மூலத்தில் இருக்க வேண்டும்: அழிக்கப்படாத பென்சில், திருத்தி ஒட்டிய வசன பலூன், பழுப்பேறிய பசை, கதைக்கான வேலை எண். அடியில் விளக்கு எரியும் லைட்பாக்ஸில் வைத்துப் பார்த்து வரைந்த கோடு தயங்கித் தயங்கிப் போகும். புஸ்செமா மாதிரியானவர் குதிரையின் முதுகை ஒரே வீச்சில் இழுத்திருப்பார்.

வயதான காலத்தில் தம் பழைய அட்டைகளைத் தாமே மறுபடி வரைந்து விற்ற ஓவியர்களும் உண்டு. டிக் அயர்ஸ் அப்படி நிறைய செய்திருக்கிறார். அது மோசடி அல்ல, மறுவரைவு என்று சொல்லி விற்கும் வரை. விலை மட்டும் மூலத்தின் விலையாக இருக்கக் கூடாது. வண்ணம் போடுபவருக்கு வழிகாட்ட நகல் மேல் நீர்வண்ணம் தீட்டிய கலர் கைடுகளும் சந்தையில் உண்டு. மலிவானவை, பார்க்க அழகானவை, ஆனால் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்துவிடும்.

ஃபிரேம் போடும்போது ஓவியம் கண்ணாடியில் படாதபடி அமிலமற்ற மவுண்ட் கேளுங்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் போடுங்கள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டாதீர்கள். உதிர்ந்த தலைப்புச் சீட்டை நீங்களே ஒட்டாமல் தனி உறையில் போட்டு ஃபிரேமின் பின்னால் வையுங்கள். யாரிடம், எப்போது, என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்ற ரசீதின் நகலும் அதே உறைக்குள் இருக்கட்டும். ஃபிரேம் கடைக்காரர் "சார், லேமினேட் பண்ணிடலாம், தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்று அன்போடு சொல்வார். பக்கத்தை வாங்கிக்கொண்டு வேறு கடை பாருங்கள்.